புதுத் தொழில் கற்கும் மனநிலை
(கல்விச் சங்க வெள்ளி விழா, தொழிற்கல்வி அமர்வில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கூரைக் கொட்டகையில், இரவல் வாங்கிய இரண்டு பெஞ்சுகளோடு தொடங்கிய இச்சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அந்நாளில் நான் இங்கு ஆசிரியனாக வரவில்லை. கரும்பலகையைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தவர்களில் ஒருவனாகவே வந்தேன். இன்று என்னை மேடையேற்றி, "புதுத் தொழில் கற்பவர்க்கு வேண்டிய மனநிலை" என்னும் பொருளில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் ஏட்டுக் கல்வி மிகுதியும் கற்றவன் அல்லன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எனினும் தோல் தொட்டியிலிருந்து தையல் இயந்திரத்திற்கும், அங்கிருந்து வெட்டும் பலகைக்கும், அங்கிருந்து வடிவமைப்பு மேசைக்கும் நகர்ந்தவன். மும்முறை புதியவனாக நின்று கற்ற அனுபவம் ஒன்றே என் தகுதி. அதனைக் கொண்டே பேசுகிறேன்.

நம் உள்ளத்தில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. "தோல் வேலை நமக்குப் பிறவித் தொழில், அது தானாக வரும்" என்பது ஒரு பூட்டு. "மற்ற வேலை நமக்கு வராது" என்பது மற்றொரு பூட்டு. முதலாவது புகழ்ச்சிபோல் ஒலிக்கிறது; இரண்டாவது இகழ்ச்சியாக ஒலிக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே கொல்லன் அடித்த பூட்டுகளே. இன்னார்க்கு இன்ன வேலை என்று பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்தவன் எவனோ, அவனே இவ்விரண்டையும் அடித்தவன். லாகூர் மாநாட்டிற்காக 1936-இல் எழுதப்பெற்று, நிகழ்த்தப்பெறாமலே நூலாகிய தம் உரையில், அண்ணல் அம்பேத்கர் இதனைத்தான் தோலுரித்துக் காட்டினார். ஒருவனுடைய திறமையையோ விருப்பத்தையோ பாராமல், பெற்றோரின் நிலையைக் கொண்டே தொழிலை விதிக்கும் முறை எவ்வகையிலும் அறிவுடைமை ஆகாது என்று அவர் நிறுவினார்.

திறமை பிறப்பில் இல்லை என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் இயக்குநராய் 1958 முதல் 1971 வரை விளங்கி, அதனை உலகம் அறியச் செய்தவர் எலவர்த்தி நாயுடம்மா. ஆந்திர நாட்டில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வேதியியல் கற்றார்; தோலைப் பற்றிக் கற்றார்; அமெரிக்கா சென்று ஆராய்ந்து திரும்பினார். தோல் அறிவு குருதியில் ஓடுவதாயின் உழவர் மகன் எவ்வாறு தோல் அறிவியலின் தலைமகன் ஆனார்? அவர் கற்றார், ஆகவே அறிந்தார். அவ்வளவே. உழவர் மகன் தோலைக் கற்க முடியுமெனில், தோல் தொழிலாளியின் மகள் மருத்துவத்தையும் கணினியையும் கற்க முடியும் என்பது அதே கணக்கின் மறுபக்கம்.

நம் முன்னோர் வாழ்விலும் சான்று உண்டு. நம் வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பண்ணை அடிமைத்தனத்தை உதறிவிட்டுக் கோலார் தங்கவயலுக்குச் சென்றன. ஏர் பிடித்த கைகளும் நாற்று நட்ட கைகளும் அங்கே பாறையைத் துளைக்கக் கற்றன. சுரங்கத்திற்கு மரமுட்டுக் கொடுக்கக் கற்றன. அச்சுரங்கங்கள் பின்னாளில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்தன. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தபோது மின்பொறியோடு பழகவும் நம்மவர் கற்றனர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அங்கே கற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எத்தனையோ துறைகளில் இருக்கிறார்கள். ஒன்றைக் கற்ற குடும்பம் மற்றொன்றைக் கற்க அஞ்சுவதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தந்தையார் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். நானும் பதினான்கு வயதில் அதே தொட்டிக்குத்தான் போனேன். அக்காலத்தில் நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் கிடங்குகளிலிருந்து அரைப்பதனிட்ட தோலே பெரும்பாலும் கப்பலேறியது. 1972-இல் சீதாராமையா குழு தன் பரிந்துரையை அளித்தது. அதனைத் தொடர்ந்து அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டியது. முழுமையாகப் பதனிட்ட தோலும், காலணியின் மேற்பகுதியாகிய அப்பரும், பின்னர் முழுக் காலணியும் இங்கேயே உருவாக வேண்டும் என்னும் நிலை பிறந்தது. முதலாளிகள் புது இயந்திரம் வாங்கினர். ஆனால் அந்த இயந்திரத்தின் முன் உட்கார ஆள் வேண்டுமே! அவ்வாறுதான் 1976-இல், என் பதினேழாம் வயதில், தையல் பிரிவில் நான் சேர்ந்தேன்.

முதல் நாள் இயந்திரத்தை மிதித்தேன். அது குதிரைபோல் பாய்ந்தது. ஊசி கோட்டை விட்டு எங்கோ ஓடியது. அருகில் இருந்தவர்கள் சிரித்தனர். எனக்குக் கற்பிக்க வந்த முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. நூலைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். "தம்பி, இன்று முழுதும் நூல் இல்லாமல் இந்தக் கோட்டின்மேல் ஓட்டு. நாளை வளைகோடு தருகிறேன். தோலை இப்போது தொடாதே" என்றார். எனக்குச் சினம் வந்தது. தைக்க வந்தவனைத் தாளைத் துளைக்கச் சொல்கிறாரே என்று எண்ணினேன்.

காரணம் பின்னரே விளங்கியது. துணியில் தவறித் தைத்தால் பிரித்துவிடலாம். இழைகள் மீண்டும் கூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். அது மூடாது. விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டரில் ஓட வேண்டிய தையல் விலகினால் அந்தத் துண்டே கழிவு. ஆகவே தவறு செய்வதற்கென்றே ஓர் இடம் வேண்டும். தாள் அந்த இடம். அதன்பின் கழிவுத் தோல். அதன்பின்தான் நல்ல தோல். நண்பர்களே, கற்பவனுக்கு வேண்டிய முதல் மனநிலை இதுவே: தவறு செய்யக் கூசாதிருத்தல், ஆனால் தவறு செய்வதற்குரிய இடத்திலே செய்தல். தவறே செய்யமாட்டேன் என்று விறைத்து நிற்பவன் கற்பதில்லை. எங்கே வேண்டுமானாலும் தவறு செய்வேன் என்பவன் பிறர் பொருளைப் பாழாக்குகிறான். அந்த முதியவர் எனக்குக் கொடுத்தது தாள் மட்டுமன்று. அஞ்சாமல் தவறு செய்யும் உரிமை. இங்குள்ள ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு அவ்வுரிமையை வழங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்து, என் பிழை ஒன்றை இந்த அவையில் ஒளியாமல் சொல்ல விழைகிறேன். 1980 வாக்கில் நான் வெட்டும் பிரிவுக்கு மாறியிருந்தேன். 1984-இல், அச்சு வரைந்து வடிவமைக்கும் கலையைக் கற்றுவர இருவரைச் சென்னைக்கு அனுப்ப இருந்தனர். முதற்பெயராக என் பெயரைக் கேட்டனர். நான் மறுத்துவிட்டேன். "எனக்குக் கணக்கு வராது, வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்றேன். என்னினும் எட்டு வயது இளைய தம்பி ஒருவர் போனார்.

கணக்கு வராது என்று எனக்குச் சொன்னது யார்? நான்காம் வகுப்பில் ஓர் ஆசிரியர் சொன்னார்: "உங்களுக்கெல்லாம் கைவேலைதான் வரும்." அன்று ஒன்பது வயதில் காதில் விழுந்த சொல், இருபத்தைந்தாம் வயதில் என் வாயிலிருந்தே வெளிப்பட்டது. அவர் ஒருமுறைதான் சொன்னார். அதன்பின் பதினாறு ஆண்டுகள் அதனை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை யாதெனில், கணக்கு வராது என்று சொன்ன அந்நாளிலும் காலை முதல் மாலை வரை நான் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தோலை விரித்ததும் எத்தனை சதுர அடி, அதில் எத்தனை சோடி தேறும் என்று கண்ணாலே அளப்பேன். முதுகுப் பகுதி இறுக்கமானது. காலணியின் முன்பக்கத்தை அங்கேதான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் நீளும், நாக்குத் துண்டு போன்றவற்றிற்கே அது ஆகும். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கீறல், சூட்டுக்கோல் தடம் ஆகியவற்றை விலக்கி, வலக்காலும் இடக்காலும் ஒரே நிறமும் ஒரே திண்மையும் உடையனவாக இணைக்க வேண்டும். இவ்வளவும் வடிவியலும் விகிதமும் அல்லாமல் வேறென்ன? தாளில் எழுதாததால் அது கணக்கு என்று எனக்கே தெரியவில்லை. புதியதைக் கற்கப் புகுமுன், நீங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். வெறுங்கையோடு எவரும் வகுப்பிற்கு வருவதில்லை. இஃது இரண்டாவது மனநிலை.

ஆறு ஆண்டுகள் வீணாயின. 1990-இல் ஒருவாறு மனம் துணிந்து, சென்னை சென்று கற்றுவந்த அதே தம்பியிடம் போய் நின்றேன். என் கை நடுங்கியது. இளையவரிடம் மாணவனாக நிற்பது அவ்வளவு எளிதன்று. அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணா, உட்காருங்கள். உங்களுக்குத் தோல் தெரியும். எனக்குக் கோடு தெரியும். இருவரும் சேர்ந்து செய்வோம்" என்றார். காலணிக் கட்டையின்மேல் பசைத்தாள் ஒட்டி, அதன்மேல் வடிவம் வரைந்து, அதனைக் கீறியெடுத்து, வளைந்த பரப்பைத் தட்டையான தாளாக்கும் வித்தையை எட்டு மாதங்களில் கற்பித்தார். நான் அஞ்சிய கணக்கு அதில் அரைப்பங்குகூட இல்லை. அஞ்சியது கணக்கையன்று, புதியவனாகத் தோன்றுவதையே அஞ்சியிருக்கிறேன்.

அண்ணலின் வாழ்வை இவ்விடத்தில் நினைத்துக்கொள்க. உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு வடமொழி கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. பாரசீகம் படிக்க நேர்ந்தது. மறுத்தவர்களை நொந்துகொண்டு அவர் ஓயவில்லை. பின்னாளில் தம் முயற்சியாலேயே வடமொழியைக் கற்றார். 1916-இல் இலண்டன் சென்றவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920-இல் மீண்டும் சென்று, 1923-இல் அறிவியல் முதுமுனைவர் பட்டத்தை முடித்தார். பிற்காலத்தில் பாலி மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தொகுக்க முற்பட்டார். முதுமையில், நோயுற்ற உடலோடு, வயலின் பயிலவும் தொடங்கினார். நாட்டின் அரசியல் சட்டத்தை வரையும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இசையாசிரியர் முன் தொடக்க மாணவராக அமர்ந்தார் எனில், நமக்கு எதற்கு நாணம்?

மூன்றாவதாகப் பொறுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமையாயிரு என்று வாளா சொன்னால் இளைஞர்க்குப் பிடிக்காது. ஆகவே நம் தொழிலிலிருந்தே காரணம் காட்டுகிறேன். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்தில், என் தந்தையார் தோலை எடுத்த எடுப்பில் கெட்டியான பட்டைச் சாற்றில் இறக்கமாட்டார். முன்பே பயன்பட்டு வலுக்குறைந்த சாற்றில் முதலில் போடுவார். பின்னர் சற்று வலுவானதில். இறுதியிலேயே புதுச் சாற்றில். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தொடக்கத்திலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் என்ன ஆகும்? மேற்பரப்பு விரைந்து இறுகிவிடும். சாறு உள்ளே இறங்க வழியில்லாமற்போகும். வெளியே பதமும் உள்ளே பச்சையுமாகத் தோல் நிற்கும். பார்வைக்கு முடிந்ததுபோல் இருக்கும்; கத்தியால் விளிம்பை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு தெரியும்.

குரோம் முறை வந்தபின் ஓரிரு நாளிலேயே தோல் நீலமாகிவிடுகிறது. ஆயினும் அங்கும் அதே ஒழுங்குதான். முதலில் அமிலத்தன்மையில் வைத்து உள்ளே இறங்கவிட்டு, அதன்பின்னரே படிப்படியாகக் காரம் சேர்த்து நிலைநிறுத்துகிறார்கள். முடிவில் ஒரு துண்டைக் கொதிநீரில் இட்டுச் சுருங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். விரைவான முறையும் வரிசையை மீறுவதில்லை, சோதனையை விடுவதில்லை. மூன்று மாதப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிய தம்பி தங்கைகள், தம் கல்வியின் விளிம்பையும் அவ்வப்போது வெட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் நாண வேண்டா. மீண்டும் தொட்டிக்குப் போனால் போதும்.

நான்காவது, ஏன் என்று கேட்கும் மனநிலை. இதில்தான் உயிரே அடங்கியிருக்கிறது என்பேன். நம்மவர்க்கு நெடுங்காலம் வேலை சொல்லப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை. மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு கலந்த கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். வாயு மிகுந்தால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, ஆகவே ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணி இறங்கியவனும், அவனைத் தூக்க இறங்கியவனும் மாண்ட துயரங்களை நம் வட்டாரம் கண்டிருக்கிறது. அவர்களுக்குக் கைத்திறன் குறைவா? இல்லை. காரண அறிவு அவர்களிடமிருந்து மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தொட்டியில் இறங்கு என்றால், ஏன், எவ்வாறு, என்ன பாதுகாப்போடு என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. கல்வியின் முதற்பாடம் அதுவே. பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. மனநிலை ஒன்றிருந்தால் போதும், மற்றவை தாமே வரும் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது வயிறு நிறைந்தவர் பேச்சு. பத்து மணி நேரம் நின்று வேலை செய்து வந்த பெண்ணிடம், "மனம் வைத்தால் படிக்கலாம்" என்று மட்டும் சொல்வது அறமாகாது. அவள் கற்பதற்கு ஒரு விளக்கும், ஓர் இருக்கையும், பழகுவதற்கு ஓர் இயந்திரமும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். இச்சங்கத்தின் பெருமை அவற்றைத் தந்ததில் இருக்கிறது. எங்கள் மாலை வகுப்பிற்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு தங்கை வந்தார். காலணி ஆலையின் தையல் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவர். கணினியில் அச்சு வரையக் கற்க வேண்டும் என்றார். முதல் வாரம் விசைப்பலகையைத் தொடவே அஞ்சினார். "கெட்டுப்போனால் யார் பணம் கட்டுவது, ஐயா?" என்று கேட்டார். எங்கள் ஆசிரியை ஒரு பழைய கணினியைக் காட்டி, "இது கெடுவதற்கென்றே இருக்கிறது" என்றார். எனக்கு என் கோடு போட்ட தாள் நினைவுக்கு வந்தது. இன்று அத்தங்கை வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். அவருடைய மனநிலையை மாற்றியது அறிவுரையன்று. அந்தப் பழைய கணினி.

நம் தொழில் மீண்டும் மாறிக்கொண்டிருக்கிறது. 2022-இல் தமிழக அரசு காலணிக்கும் தோல் பொருளுக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. செய்யாறு முதலிய இடங்களில் தோலே இல்லாத விளையாட்டுக் காலணிகள் ஆயிரக்கணக்கான பெண்களின் கைகளால் உருவாகின்றன. 1970-களில் அரைப்பதனிட்ட தோலோடு நின்றுவிட்டவர்கள் பின்தங்கியதுபோல், தோல் ஒன்றையே நம்பி நிற்பவர்கள் நாளை பின்தங்கலாம். சென்னையில் 1957-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் வாயிலை நம் பிள்ளைகள் தயங்காமல் மிதிக்க வேண்டும். தோலைவிட்டு முற்றிலும் வேறு துறைக்குச் செல்ல விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்கலாகாது. தோலிலேயே நிற்க விரும்பும் பிள்ளையை இழிவாகவும் எண்ணலாகாது. விரும்பிக் கற்று ஏற்றுக்கொண்ட தொழில் எதுவும் இழிவன்று; விதியென்று தலையில் கட்டப்பட்டது எதுவும் பெருமையன்று.

தாய்மார்களே, தந்தையரே! இறுதியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், உங்கள் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு இது வராது" என்னும் சொல்லை எப்போதேனும் சொன்னதுண்டா என்று எண்ணிப் பாருங்கள். சொல்லியிருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். தோலில் விழுந்த துளைபோன்றது அச்சொல், எளிதில் மூடாது. என்னை அது பதினாறு ஆண்டுகள் தொடர்ந்தது. ஆறு ஆண்டுகளை விழுங்கியது. அதற்கு மாறாக, "உனக்கு இன்னும் வரவில்லை, வரும்வரை நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தது அதுதான். பொன்விழாவிலும் அதனையே சொல்ல வேண்டும் என வாழ்த்துகிறேன்.